தண்ணீர் என்று சொன்னால்தான் தண்ணீர்

வளர்ந்த ஆட்களுக்கு மொழி சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுங்கள். காக்களூரில் டின் மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த காலம். எளாவூருக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்குக்காரர்களும் வேலைக்கு வந்தார்கள். தமிழில் பேசி, மெஷினில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துக் காட்டினால்தான் பெர்மனெண்ட் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஒரு மணி நேரம். எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

எண்ணிக்கை

நாற்பது வயதுக்கு மேல் புது மொழியில் பேசலாம், பேரம் பேசலாம், திட்டக்கூடச் செய்யலாம். எண்ணுவதுதான் கஷ்டம். பாக்கிங்கில் இருந்த வெங்கையா இரண்டே மாதத்தில் தமிழ் பேசினார். ஆனால் மூடிகளை எண்ணும்போது உதடு தெலுங்கில்தான் முணுமுணுக்கும். நான் விடுவேனா? பக்கத்தில் நின்று, தமிழில் உரக்க எண்ணச் சொன்னேன். ஒரே பெட்டியை மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நைனா, நீ அப்பால போ. நீ போனா மூடி சரியா வந்துடும்."

தாகம்

கின் மே பர்மாக்காரப் பெண். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஏகாம்பரம் அங்கேயே இவரைக் கட்டிக்கொண்டு, மணவாள நகருக்கு அழைத்து வந்துவிட்டார். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நோய், வேலைக்கு லாயக்கில்லை. ஐந்து வயதில் செல்வி என்று ஒரே பெண். கின் மே பெர்மனெண்ட் ஆனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

வகுப்புக்கு வந்த முதல் வாரம், களைத்துப்போய் உட்கார்ந்தவர் பானையைக் காட்டி "யே தௌக்" என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று குருடனுக்கும் தெரியும். நான் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டேன். 'தண்ணீர் வேண்டும்' என்று பத்துத் தடவை சொன்னால்தான் தருவேன் என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தடவை அந்தம்மாவின் குரல் நடுங்கியது. பத்தும் முடிந்ததும் நான் பெருமையாக டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் சார். தாகம் போச்சி."

வீட்டிலும் தமிழ்

செல்வி தெருப்பிள்ளைகளோடு விளையாடியே மூன்று மாதத்தில் தமிழைப் பிடித்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு வருஷமாகியும் தட்டுத் தடுமாற்றம்தான். சின்னப் பிள்ளை தப்பாகப் பேசினால் கொஞ்சுகிறோம், பெரியவர்கள் பேசினால் சிரிக்கிறோம். பெரியவர்கள் வாயைத் திறக்கவே கூசுவார்கள் என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை. வீட்டில் பர்மா மொழி புழங்குவதுதான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னேன். புருஷனிடமும் அதில் பேசக்கூடாது, பிள்ளையிடமும் பேசக்கூடாது. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அந்தம்மா நான் சொன்னதை அப்படியே கேட்டார்.

ஒரு மாதம் கழித்து ஏகாம்பரம் இருமிக்கொண்டே கம்பெனி வாசலுக்கு வந்தார்.

"சார், இத்தினி வருசமா அந்த பாஷையிலதான் நாங்க சண்ட போட்டுக்கினு இருந்தோம். இப்ப சண்டையே வர்ல. ஊடே கம்முனு கீது சார்."

லட்டு

அதற்கடுத்த பொங்கலுக்குள் கின் மே மேனேஜர் எதிரில் 'ஓடும்போது கை வைக்காதே' என்று படித்துக் காட்டி, பெர்மனெண்ட் ஆகிவிட்டார். செல்வியையும் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்கு லட்டு கொண்டுவந்தார். சந்தோஷத்தில் நாக்கு கட்டுக்கு அடங்கவில்லை. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பர்மா மொழியில் என்னவோ மளமளவென்று சொன்னார். அந்தம்மா அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குழந்தை திருதிருவென்று விழித்தது. அது சொன்ன பதிலுக்கு எல்லோரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

"இன்னாம்மா சொல்ற? தமிழ்ல சொல்லு."

சாவு வீடு

சில வருஷம் கழித்து ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். கின் மே மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் கிட்டே போய், "அழுதுடும்மா, மனசுல வெச்சிக்காதே" என்றேன். நிமிர்ந்து பார்த்து அவர் என்னிடம் அனுமதி கேட்டபோது, எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"என் பாஷையில அழுவலாமா சார்?"

மறந்த பாடம்

செல்விக்குப் பதினாறு வயது இருக்கும்போது, கின் மேவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்தவர் பேசினார். ஆனால் ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை. தாய்மொழி அடியில் தங்கிவிடும், வயது வந்தபின் கற்றது சிலருக்கு முதலில் போய்விடும் என்றார் டாக்டர். அக்கம்பக்கத்தில் இருந்த பர்மாக் குடும்பங்கள் எப்போதோ வேறு ஊர் போய்விட்டன. மகள் முகத்தையே பார்த்து அந்தம்மா எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறார், மகளுக்குப் புரியவில்லை. செல்வி ஓடிவந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், அம்மாவுக்குத் தமிழு மறந்துட்ச்சி. நீங்கதான கத்துக் குடுத்தீங்க, இன்னொரு வாட்டி வந்து கத்துக் குடுங்க சார்."

போனேன். கட்டில் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தேன். "யே தௌக்" என்றார். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தேன். பாதி தலையணையில் சிந்தியது.

இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்த தமிழெல்லாம் போன பிறகு, அந்தம்மாவின் தாகத்துக்கு உதவியது, சொல்லக்கூடாது என்று நான் தடுத்து வைத்த அந்த ஒரு வார்த்தைதான்.