ஓடைக்கரைக்குப் போன எல்லைக்கல்

தின்கன்ஜூன் சாலையில் எங்கள் குதிரை வண்டி நிற்கிறது. ரங்கூன் நகர எல்லைக்கல்லை முனிசிபல் ஆட்கள் ஐந்து பேர் தோண்டுகிறார்கள். ஐவரும் தமிழர்கள், கடப்பாரை போடுமுன் கல்லுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். கல்லில் பொறித்த இங்கிலீஷ் எழுத்து மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் மறைந்து கிடக்கிறது.

முன்பு இந்தக் கல் இன்னும் மேற்கே, ரயில் பாதையோரம் இருந்ததாம். இப்போது கல்லுக்கு மேற்கே குழாய்த் தண்ணீர் உண்டு, குப்பை வண்டி வரும். கிழக்கே ஓடை வரை சேறும் குடிசைகளும்தான். இன்று முதல் ஓடை வரைக்கும் நகரம் என்கிறார் வண்டிக்காரர்.

குடத்தோடு வேடிக்கை பார்க்கும் அஞ்சலை என்ற குடிசைக்காரப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"சாமியைப் பேத்து எடுக்கிறாங்களே, மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

"எதுக்குங்க கஷ்டம்? எங்க வீட்டைத் தாண்டிப் போ சாமின்னுதானே ஆறு வருசமா கும்பிட்டோம். இப்பத்தான் காது கேட்டிருக்கு."

"இனி வரி கேப்பாங்களே?"

"கேக்கட்டும். ஓடைத் தண்ணியக் குடிச்சு வாந்திபேதிக்கு ரெண்டு புள்ளையக் குடுத்தாச்சு."



கல்லை மூங்கிலில் கட்டித் தூக்கிப் போய் ஓடைக்கரையில் நடுகிறார்கள். அஞ்சலை கூடவே போய்க் கும்பிடுகிறாள். குழியில் மண் தள்ளி முடிக்குமுன், அக்கரைக் குடிசையிலிருந்து ஒரு பர்மியப் பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி வருகிறாள். கொண்டையில் செருகிய பூவை எடுத்துக் கல்லின் முன் வைக்கிறாள்.

அஞ்சலை நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறாள்.