புளி உலுக்கும் முன்

போளூர் சந்தையில் புதுப்புளி வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். சிறுவயதில், மலையில் எங்கள் வாசலில் அம்மாவும் பெரியம்மாவும் புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் நினைவுக்கு வந்தது.

“அத்தினி பேரு உன்னக் கேட்டு வந்தாங்க, இந்தக் குள்ள மனுசன்கிட்ட இன்னாத்தடி கண்ட?” என்று பெரியம்மா அப்பாவைக் காட்டிச் சீண்டினாள்.

“மத்த ஆம்பளைங்கல்லாம் மரத்துல ஏறி, கீழ பொறுக்குற எங்களப் பாக்காம கிளைய உலுக்குவாங்க. இவரு மட்டும் ‘தள்ளிக்கம்மே, உலுக்கப்போறேன்’னு குரல் குடுத்தாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்” என்றாள் அம்மா.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். “எங்க வூட்டு ஆளு இன்னிக்கும் சொல்றதில்லடி” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். விடுதியில் சேர்க்கும் முன் “போறியாம்மா?” என்று அப்பா என்னைத்தான் கேட்டார்.

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். வரட்டும். நானும் பார்த்துத்தான் சொல்வேன்.