எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்

"ஒரே வேலையக் கட்டிட்டு அழ நான் என்ன செக்குமாடா?" என்று கேட்டவர் அவர். அச்சகத்தில் பக்கம் அமைப்பது, இயந்திரம் ஓட்டுவது, பைண்டிங், விநியோகம் என்று நான்கையும் கற்றுக்கொண்டார். எந்தப் பிரிவில் ஆள் வராவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே அச்சகத்தில் இருபது வருடமாகக் காகிதம் மட்டுமே வெட்டிவந்த மைத்துனனை, "எப்படி மச்சான் உனக்கு அலுக்கல?" என்று தினமும் சீண்டுவார்.

அவருடைய ஐம்பதாவது வயதில் ஆட்குறைப்பு வந்தது. ஒவ்வொரு பிரிவின் மேலாளரும் தமக்கு வேண்டியவர்களை எழுதித் தந்தார்கள். அவர் வேறொரு பிரிவின் பட்டியலில் இருப்பார் என்று எல்லா மேலாளர்களுமே நம்பி, அவர் பெயரை விட்டுவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. மைத்துனன் பெயர் வெட்டும் பிரிவில் முதலாவதாக இருந்தது.

அவர் முதலாளியிடம் ஓடினார்.

"எனக்கு நாலு வேலையும் தெரியுமே சார்!"

"அதனாலதாங்க கவலையில்லாம இருக்கேன். நீங்க எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க. உங்க மச்சான் பாவம், அவருக்கு வேற என்ன தெரியும்?"

அன்று தட்டச்சுக்காரர் விடுப்பு. அவருடைய பணிநீக்கக் கடிதத்தை அவரையே அடித்துத் தரச் சொன்னார்கள். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். அதுவரை அவர் செய்யாத வேலை, சுவாரசியமாகத்தான் இருந்திருக்கும்.