ஏரிக்கரைப் பூங்காவில் தற்காலிக உத்தியோகம்

"ஏரின்னா அது ஒரு கொழந்தை மாதிரி..." என்று தொடங்கினார், பூங்காத் திறப்பு விழாவில் பேசிய பஞ்சாயத்து போர்டின் மூத்த அங்கத்தினர். "...பெத்தவ மட்டும் பாத்தாப் பத்தாது" என்று முடித்தார். நடுவில் சொன்னது நினைவில்லை. அந்த நேரத்தில்தான் என் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது. முழுவதும் காதில் விழுந்திருந்தால் மாலையைத் திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

ஊரே சொந்தக்காரராக இருக்கும் வீட்டில் ஒருவன் மட்டும் வேலைக்காரனாக இருப்பதற்குப் பெயர்தான் ஏரிப் பூங்கா மேற்பார்வை. பெங்களூரில் ஒரு துரையின் தோட்டத்தில் வெகுகாலம் மேஸ்திரியாக இருந்தேன். யுத்தம் வந்ததும் துரை கப்பலேறினார், நான் சொந்த ஊரான தர்மபுரிக்கு ரயிலேறினேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு யார் வேலை தருவார்கள்? பஞ்சாயத்து போர்டு தந்தது, ஆனால் தற்காலிகமாக. சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பூங்காவைப் பார்க்க வருவார், அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று பிரசிடெண்ட் சொல்லியிருந்தார். நந்தவனம், வாசகசாலை, தண்ணீர்ப் பந்தல் என்று எதற்காவது காவல் நின்ற புண்ணியவான்களே, இனி வருவதைப் படித்து மற்றவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

பெஞ்சுகள் திரும்பிய கதை

பெங்களூர் வழக்கப்படி பெஞ்சுகளை எல்லாம் தண்ணீரைப் பார்த்துப் போட்டேன். மாலையில் அலை மினுங்கும், நாரை இறங்கும், ஜனங்கள் மெய்மறப்பார்கள் என்று எண்ணம். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனை பெஞ்சும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றன. நான் திருப்பி வைப்பேன், அவர்கள் மறுபடி திருப்புவார்கள். ஒரு வாரம் இந்தப் போர் நடந்தது.

காரணம் கரி பஸ். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய அரூர் பஸ், எங்கள் ஏரிக்கரை மேட்டில் தினமும் மூச்சு வாங்கி நின்றுவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் யோசனை சொல்லுவார்கள். பூங்கா வாசலில் சோடாக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் முறையிட்டேன். அவரும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கீங்க போயிரப் போகுது? பஸ்ஸு ஏறுதா இல்லியான்னு இப்ப வுட்டா எப்பப் பாக்கறது?"

இரண்டு மொழியில் ஒரு பலகை

தமிழும் கன்னடமும் படித்த கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைச் செலவழிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. "இந்தத் துறையில் எருமைகளைக் குளிப்பாட்டக் கூடாது" என்று இரண்டு மொழியிலும் நானே எழுதிப் பலகை நட்டேன். எருமைக்கென்று தெற்கே தனித்துறை ஒதுக்கியிருந்தோம். ஆனால் கெம்பம்மாவின் எருமை மட்டும் நாள் தவறாமல் பூங்காத் துறையிலேயே வந்து இறங்கியது. கெம்பம்மா வீட்டில் கன்னடம், வீதியில் தமிழ்.

"பலகை போட்டிருக்கே, படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். கரையில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, நிதானமாகப் பதில் சொன்னாள்.

"நான் எங்கீங்க குளிப்பாட்டறேன்? அதுவா எறங்கிக் குளிக்குது. அது காதுல படிச்சுக் காட்டுங்க. ஆனாக் கன்னடத்துல படிங்க, தமிழு அதுக்குச் சுத்தமா வராது."

யுத்தச் செய்தியும் தவளைகளும்

பூங்காவுக்கு ரேடியோ வந்த பிறகு மாலையில் நிற்க இடமில்லை. கடையைச் சாத்திவிட்டு ஊரே வரும். செய்தி தொடங்கியதும் குழந்தை அழுதால்கூட தாயைத் திரும்பி முறைப்பார்கள்.

முதல் மழை பெய்தது. ஏரியில் தவளைகள் கச்சேரியை ஆரம்பித்தன. எந்த ஊர் பிடிபட்டது, யார் பின்வாங்கினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் ரேடியோவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஏரி என் பொறுப்பு என்றால் தவளையும் என் பொறுப்புதானே! நாவிதர் வேலு எல்லோர் சார்பிலும் எழுந்து நின்றார்.

"சண்டையே முடிஞ்சு போனாலும் உங்க தவளைங்க அதை நமக்குச் சொல்ல வுடாதுங்களே, மாமா!"

வண்டல் வண்டி

அடுத்த கோடையில் ஏரி அடிவரை வற்றியது. வற்றினால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாசனக்காரர்கள் மதகடியில் தேங்காய் உடைத்து, மாட்டுக் கொம்புக்கு மஞ்சள் பூசி, வண்டல் மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். பாரம் ஏற்றிய வண்டி கரையேறச் சரிவான இடம் வடக்கே ஒன்றுதான். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்து. அந்தச் சரிவில்தான் இப்போது பூங்காவின் வேலியும், நான் தண்ணீர் சுமந்து வளர்த்த புல்தரையும் இருந்தன.

"அதிகாரி வந்து போற வரைக்கும் ஒரு வண்டி ஏறக் கூடாது. சக்கரத் தடம் தெரிஞ்சா உங்க நிரந்தர உத்தரவு என் கையெழுத்துக்கே வராது" என்றார் பிரசிடெண்ட். அதிகாரியோ இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். மேற்கே மேகம் திரளத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. கொம்பில் பூசிய மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது.

முதல் வண்டி சின்னப்பனுடையது. என் தகப்பனார் காலத்தில் அவன் வயலும் எங்கள் வயலும் ஒரே மதகில் தண்ணீர் பாய்ந்தவை. அவனுக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கும் தெரியும்.

"உங்க பொழப்புல மண்ணு போடச் சொல்லலீங்கண்ணா" என்றான். "ஆனா மழை முந்திக்கிச்சுன்னா இந்த வருசம் ஏரிக்குள்ள தண்ணிக்கு எடமில்லை. ரெண்டாம் போகத்துக்கு நான் யாரு வூட்டு வாசல்ல போயி நிக்கட்டும்?"

அதிகாரி திங்கட்கிழமை கட்டாயம் வருகிறார் என்று அன்று மாலை பிரசிடெண்ட் சொல்லியனுப்பினார். இரவெல்லாம் இடி இடித்தது, மழை விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வடக்கு வேலியைப் பிடுங்கிவிட்டு, புல்தரை மேல் சின்னப்பனின் வண்டிக்கு வழி விட்டேன்.