தண்டபாணி சொன்ன முந்நூற்றைம்பது

ராயபுரத்தில் ஒருவன் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டால், அந்தக் காலத்தில் முதலில் பெண்டாட்டியிடம் சொல்வான், அடுத்து தண்டபாணியிடம் சொல்வான். பெண்டாட்டி கூடாது என்றாலும் வாங்கிவிடுவான். தண்டபாணி விலை சொல்லாமல் மட்டும் வாங்க மாட்டான். உலகச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதும், சீமைக்குத் திரும்பிய துரைமார்கள் விற்றுவிட்டுப் போனதுமாக வண்டிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. எது எத்தனை பேர் கையைப் பார்த்த வண்டி என்று அதை விற்கிறவனுக்கே தெரியாது. தண்டபாணிக்குத் தெரியும்.

அவருக்குத் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பகலெல்லாம் கிரேன்களின் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து குளித்து, சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூலை டீக்கடைக்கு வந்து உட்காருவார். துண்டு அழகுக்காக அல்ல. அவருடைய அப்பா, துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் கட்டை வண்டிகளுக்கு மாடு பிடித்துக் கொடுத்த தரகர். மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டை விரித்து, அதற்கடியில் கையைப் பிடித்து விரலை அழுத்துவார்கள். ஒரு விரலுக்கு நூறு, மடக்கிய விரலுக்கு ஐம்பது. மாட்டுக்குக் குளம்பில் புண் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால் அந்த மாடு அப்புறம் எங்கேயும் போணியாகாது, விற்க வந்தவன் பிழைப்பும் போய்விடும். ஆகவே குறையெல்லாம் தொகைக்குள்ளேயே அடக்கம். தொகை குறைந்தால் ஏதோ கோளாறு என்று வாங்குகிறவன்தான் புரிந்துகொள்ள வேண்டும். அப்பாவிடமிருந்து தண்டபாணிக்குச் சொத்தாக வந்தது இந்த வழக்கம் ஒன்றுதான். மாட்டுக்கு இருந்ததை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் வண்டி பார்ப்பதே ஒரு வேடிக்கை. சும்மா இருக்கிறவர்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். புகைக்குழாயில் விரலை விட்டு மசியைத் தேய்த்துப் பார்ப்பார். கடைசியில் மடியிலிருந்து ஒரு ஓட்டைக் காலணாவை எடுத்து, வண்டியின் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போவார். கடலோரத்து வண்டிக்கு இன்ஜினை விடச் சட்டம்தான் முக்கியம். உப்புக் காற்று குழாய்க்கு உள்ளே போய் உட்கார்ந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். இந்தச் சேவைக்கு அவர் வாங்கும் கூலி ஒரு டீ. தண்டபாணி சொன்ன விலை என்றால் அதில் ஓரணா கூட ஏறாது, இறங்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் தன்னுடைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பரசுராமன் காசிமேட்டுக் கரையில் விடிகாலை மீன் எடுத்து, பட்டணத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவன். நூற்றிருபத்தைந்து சிசி சின்ன வண்டி, புதிதாக ஓட்டப் பழகுகிறவனுக்குப் பொருத்தமானது. மூன்று வருஷமாக அதன் பின்னால் மீன் கூடையைக் கட்டி ஓட்டியிருந்தான். இப்போது சீயக்காய் போட்டுக் கழுவி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தான்.

வாங்க வந்தவன் தேவப்பிரியம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயசு, சுகாதார இலாகாவில் அம்மை ஊசி குத்துகிற வேலை. திருவொற்றியூரில் குடித்தனம். எண்ணூர் வரைக்கும் இருக்கிற மீன்பிடிக் குப்பங்களுக்கெல்லாம் சைக்கிளிலேயே போய்வந்து கால் ஓய்ந்துபோயிருந்தான். மோட்டார் சைக்கிளில் அதுவரை ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை.

தண்டபாணி இன்ஜினைக் கேட்டார். நன்றாக இருந்தது. காலணாவால் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் கணீரென்றது. சீட்டுக்கு அடியில், பின்சக்கரத்துக்கு இறங்குகிற குழாயில் தட்டினார். தொப் என்றது. மறுபடியும் தட்டினார். தொப். மூன்று வருஷம் மீன் கூடையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் முழுக்க அந்தக் குழாயில்தான் இறங்கியிருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது பரசுராமன் அவரைப் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறையில்லாத வண்டியாக இருந்தால் அறுநூற்றைம்பது பெறும். துண்டுக்கடியில் பரசுராமன் கையைப் பிடித்து மூன்று விரலை அழுத்தி, நான்காவதை மடக்கினார். பரசுராமன் சரியென்று தலையை ஆட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்து தேவப்பிரியத்தின் கையைத் துண்டுக்குள் இழுத்து அதே மாதிரி அழுத்தினார். அவன் மரியாதைக்குக் கை கொடுக்கிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்றான். டீக்கடையே சிரித்தது. தண்டபாணியும் சிரித்துவிட்டு அவன் காதோடு சொன்னார்.

"முந்நூத்தி அம்பது, தம்பி."

அவன் முகம் மலர்ந்ததை அவர் சாகும்வரை மறக்கவில்லை. "முந்நூத்தி அம்பதா! அறுநூறுக்கு மேல போச்சுன்னா பேசாம திரும்பிரணும்னுல்லா வந்தேன். முன்னபின்ன தெரியாத எனக்காக இம்புட்டுக் குறைச்சு வாங்கித் தந்துட்டீங்களே அண்ணாச்சி!"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நாக்கு எழுந்ததும் உண்மை. தொகை குறைந்தால் கோளாறு என்பது இந்தக் கடையில் டீ ஆற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும், இவனுக்குத் தெரியவில்லை என்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பரசுராமன் எதிரே நிற்கிறான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் துண்டைத் தாண்டி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. இதையெல்லாம் விட, ஒரு வெள்ளை மனசுக்காரன் ஊர் பார்க்கத் தன்னைப் புகழ்வது அவருக்கு இனித்தது. அதுதான் நிஜம்.

"மெல்லமா ஓட்டு, தம்பி. பின்னாடி பாரம் ஏத்தாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு தேவப்பிரியம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டீக்கடை முன்னால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, "அண்ணாச்சி!" என்று ஒரு கும்பிடு போடுவான். முதலில் தள்ளாடினான், பிறகு ஒரு மாதிரி ஓட்டினான், ஆடி மாசத்துக்குள் நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டான். தண்டபாணி அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. சீட்டுக்கு அடியில் இறங்குகிற அந்தக் குழாயைத்தான் பார்ப்பார். இன்றைக்கு நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அதற்குள் அவன் போய்விடுவான். சில நாள் அவன் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து கடைக்கு உள்ளே போய்விடுவார்.

ஐப்பசியில், நல்ல மழை விட்ட ஒரு காலையில், எண்ணூர் சாலையில் வண்டி நடுவில் முறிந்தது. தேவப்பிரியம் வலது முழங்காலில் விழுந்தான்.

செய்தியைக் கடைக்குக் கொண்டுவந்தவன் பரசுராமன்தான். "ஓட்டத் தெரியாத ஆளு மாமு. பள்ளத்துல வுட்டு வண்டியை ரெண்டாக்கிட்டான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தண்டபாணி பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

தண்டபாணி வீட்டுக்கு வந்து சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மங்கை காசிமேட்டில் பிறந்தவள், தலையில் கூடை வைத்து மீன் விற்று வளர்ந்தவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அவன் வெலை கேட்டான், நான் வெலை சொன்னேன். அந்த வெலையில ஒரு தப்பும் கெடையாது" என்றார்.

"வெலை சரியாத்தான் கீது" என்றாள் மங்கை. "கரையாண்ட நாங்களும் நேத்து மீனைப் பாதி வெலைக்குத்தான் விக்கறோம். விக்கசொல்லோ, இது நேத்து மீனும்மா, இன்னிக்கே ஆக்கிடுன்னு சொல்லித்தான் கூடைல போடறோம். பழகுனவளுக்குச் சொல்லாட்டியும் மோந்து பாத்துக்குவா. புச்சா குடித்தனம் வந்த பொண்ணுக்குச் சொல்லாம போட்டா, அது இன்னா வியாபாரம்யா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தரம் கிளம்பினார். ஒரு தரம் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், கையில் வாங்கியிருந்த சாத்துக்குடியை அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வண்டி பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டார். துண்டை மட்டும் விடவில்லை. அது இல்லாமல் வந்தால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடை முன்னால் ஒரு கைவண்டி வந்து நின்றது. அதில் இரண்டு துண்டாக அந்தக் கறுப்பு வண்டி கிடந்தது. பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு தேவப்பிரியம் வந்தான். வலது கால் மடங்காமல் கம்பு மாதிரி நின்றது. கடையில் வழக்கமான கூட்டம், ஓரத்தில் பரசுராமனும் இருந்தான்.

தண்டபாணிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் தேவப்பிரியம் அவருக்கு முன்னால் வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க என்னை மன்னிக்கணும்" என்றான்.

"நானா? எதுக்கு?"

"நல்ல வண்டிய எனக்காகக் குறைச்சு வாங்கித் தந்தீங்க. எனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியல. ஏழு மாசத்துல பாழாக்கிட்டேன். ஆபீஸ்லயும் அஜாக்கிரதைன்னுதான் எழுதிட்டாங்க. இனிமே ஊர் ஊராப் போவ முடியாது, உக்காந்து சீட்டு எழுதச் சொல்லிட்டாங்க. வீட்டுல அவ ஒண்ணும் சொல்லல. ஆனா ரோட்டுல ஏதாச்சும் வண்டிச் சத்தம் கேட்டா என் மூஞ்சியப் பாப்பா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, சிரிக்க முயன்றான். "இரும்பு விலைக்குப் போடணும். அதையும் நீங்களே சொல்லிருங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு மாட்டு வண்டிக்காரர் இருந்தார், விரல் கணக்கு சொல்லித் தந்தார். இப்பம் எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு, துண்டுக்காகக் கையை நீட்டினான்.

எல்லா விரலையும் சரியாக, தரகர்கள் நீட்டுவது போலவே நீட்டியிருந்தான். மூன்று விரலையும் ஒரு மடக்கு விரலையும் இந்தக் கையில்தானே அன்றைக்கு அழுத்தினோம் என்று தண்டபாணிக்குத் தோன்றியது. விரல் கணக்கு கற்றுக்கொண்டவன், அந்த முந்நூற்றைம்பதுக்கு அர்த்தம் மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தாங்க முடியவில்லை அவருக்கு. துண்டை உருவிப் பெஞ்சில் போட்டார். அவன் கையைப் பிடித்துக் கைவண்டிக்கு இழுத்துக்கொண்டு போய், முறிந்த குழாயின் வாயில் அவன் விரலை வைத்தார்.

"உள்ள வுட்டுப் பாரு."

அவன் விரலை விட்டு எடுத்தான். நகம்வரைக்கும் பழுப்புத் துரு. உதிர்ந்து உள்ளங்கையில் கொட்டியது.

"நல்ல இரும்பு ஒடைஞ்சா நாலஞ்சு மாசத்துல மேலாகத்தான் துரு புடிக்கும், இப்டி உதிராது" என்றார் தண்டபாணி. கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியின் குறையைச் சத்தம் போட்டுச் சொன்னார். "இது வருஷக்கணக்கா உப்புத் தண்ணி எறங்கி செத்துப்போன கொழாய். மேல பெயின்ட்தான் நின்னுகினு இருந்துச்சு. நீ வுழுந்து இது ஒடையல. இது ஒடைஞ்சுதான் நீ வுழுந்தே. அன்னிக்கே எனக்குத் தெரியும். காலணா போட்டுத் தட்டசொல்லோவே தெரியும். அதான் முந்நூத்தி அம்பது. உனக்காகக் கொறைக்கல, தம்பி. தெரிஞ்சே வாயை மூடிகினு இருந்தேன்."

பரசுராமன் மெதுவாக எழுந்து போனான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் தேவப்பிரியத்தைத்தான் பார்த்தார்கள். அவன் தடியை ஓங்குவான் என்று தண்டபாணி எதிர்பார்த்தார். ஓங்கினால் தலையைக் கொடுப்பது என்று நின்றார்.

தேவப்பிரியம் உள்ளங்கைத் துருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பம், நான் சரியாத்தான் ஓட்டினேனா அண்ணாச்சி?"

தண்டபாணி அவன் தோளைத் தொட்டார். "சரியாத்தான் ஓட்டினே. நல்லா ஓட்டினே. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துருவெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஐந்து மாதமாக ஏறியிருந்த ஏதோ ஒரு பாரம் அந்த முகத்திலிருந்து இறங்கியதைத் தண்டபாணி கண்ணால் பார்த்தார். காலை மட்டும் அல்ல, தன்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையையும் நாம்தான் பறித்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இத வீட்டுல வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேட்டான் தேவப்பிரியம். "நான் சொன்னா, சமாளிக்கேன்னு நினைப்பா."

தண்டபாணி தலையை ஆட்டினார். பெஞ்சில் கிடந்த துண்டை எடுக்கவில்லை. கைவண்டி முன்னால் போக, இரண்டு பேரும் திருவொற்றியூர் சாலையில் நடந்தார்கள். வழியெல்லாம் தேவப்பிரியம், தான் எந்த வளைவில் எப்படி ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தண்டபாணி ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு, அந்த மடங்காத காலுக்கு ஏற்றபடி மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்தார். வீடு போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.