தட்டக்கூடாத கதவு

மதாம் பெர்த்தின் வீட்டுக் கதவை நான் ஒருநாளும் தட்டியதில்லை. சாவி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் அதைப் பூட்டுக்குள் விடுவதற்கு முன்பே, இரண்டாம் மாடியிலிருந்தே, "செல்வி வருகிறேன் மதாம், செல்விதான்" என்று பிரெஞ்சில் குரல் கொடுத்துக்கொண்டு ஏறவேண்டும். லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. மூச்சு வாங்க வாங்கக் கத்திக்கொண்டு போகும் என்னை மூன்றாம் மாடிக்காரர் ஒருநாள் மறித்து, "உங்களுக்கு எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். பாவம், சுகம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "மெர்சி, நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பாரிசின் லா ஷப்பலில், ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்த வீடு. நான் புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து பஸ், பிறகு ஆர்.இ.ஆர். ரயில் என்று வந்து, மதாமைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சமைத்து வைத்துவிட்டுப் போவேன். 2009இன் தொடக்கத்தில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது சேர்ந்த வேலை. முதல் நாளே, "கதவைத் தட்டவேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் படலை அசைந்த சத்தத்துக்கே விளக்கை அணைத்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இதற்கெல்லாம் காரணம் சொல்லவேண்டுமா? அதே வருடம் மே மாதம், வன்னியில் இருந்த சொந்தங்களைப் பற்றி என் கைப்பேசிக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அவர் வானொலியை நிறுத்திவிடுவார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி போடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தேத்தண்ணியை வாயில் வைக்கமுடியாது. நான் ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் குடித்தேன். அப்போதே அந்த மனிசியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, பொலிஸ் வந்து கதவைத் தட்டி அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோனது. யூதர் என்பதுதான் குற்றம். வந்தது பிரெஞ்சுப் பொலிஸ். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை ஒளித்துவைத்து, பிறகு ஒரு கிராமத்துப் பண்ணைக்கு வேறு பெயரில் அனுப்பிவிட்டார். அப்படிப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு இந்த நாட்டு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. பிள்ளைகளுக்குத் தலை நரைத்த பிறகுதான் அந்த யோசனை வந்தது, அது வேறு கதை. மதாம் அதில் ஒரு சதமும் சாப்பாட்டுக்குத் தொடமாட்டார். கிழமைக்கொருதரம் தலை அலங்கரிக்கும் பெண்ணை வீட்டுக்கே வரவழைப்பார். "அம்மா என்னைத் தலை வாராமல் வெளியே விட்டதில்லை. இது அம்மாவின் காசு" என்பார்.

அந்தக் காசைத் தவிர, வீட்டு உதவிக்கென்று கிழமைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தரும் மணித்தியாலங்களும் உண்டு. அந்த மணித்தியாலங்கள்தான் என் வேலை. அவருக்கோ அவைதான் வீடு. லியோனில் இருக்கும், கணவர் வழிப் பெறாமகள், உதவி குறைந்தால் முதியோர் இல்லந்தான் வழி என்று சொல்லிவைத்திருந்தாள். வரிசையாகக் கதவுகளும், கதவில் பெயர்களும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்களும் இருக்கிற இடத்துக்குத் தன்னால் போகமுடியாது என்று மதாம் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன், எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க அலுவலர் ஒருவர் வரப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அரசாங்கத்து ஆள் வருகிறதென்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? நானும் அதைத்தான் செய்தேன். யன்னல் கண்ணாடியை மினுக்கினேன். தங்கக்கரை போட்ட கோப்பைகளை இறக்கினேன். உழுந்து ஊறப்போட்டு, வடை சுட்டுக்கொண்டு போனேன். மதாம் என்னையும் வென்றுவிட்டார். நீலக் கோட்டு, உதட்டுச்சாயம், புதிதாய்ச் சுருட்டிய தலைமயிர். கைத்தடியை அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னார். ஒளித்துவைத்தேன்.

வந்தது ஒரு இளம்பெண், நல்ல மரியாதை. அவள் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டது நான்.

"தனியாகக் குளிப்பீர்களா, மதாம்?"

"நிச்சயமாக."

"படி இறங்குவீர்களா?"

"தினமும். பிள்ளையார் கோயில் தேர் வந்தபோது கீழே போய் நின்று பார்த்தேன்."

வருடாவருடம் எங்கள் சனம் இந்தத் தெருக்களால் இழுக்கும் அந்தத் தேரை அவர் பார்த்தது யன்னலால். விழாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான். சமையலைப் பற்றிக் கேட்டபோது, "இன்று காலை செய்தது" என்று என் வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அந்தப் பிள்ளை ஒன்றைக் கடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாய்ச் சுடுவா" என்றேன். வேறென்ன சொல்வது? அவள் வாய்நிறையப் பாராட்டிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் மாதிரிச் சிரித்தோம்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு மகள் நிலானி வந்தாள். இங்கே பிறந்தவள். நான் எதைத் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்தாள். ஆள் எவ்வளவு நன்றாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு மணித்தியாலத்தை வெட்டுவார்கள், இயலாததைச் சொல்லத்தான் அந்தச் சந்திப்பே என்று பிரெஞ்சில் விளக்கினாள்.

"அரசாங்கத்திட்டைப் போய் இயலாது எண்டு ஆராவது சொல்லுவினமே?" என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு இது விளங்காது, விளங்காமல் இருப்பது எனக்குச் சந்தோஷமும்தான்.

மறுநாள் மதாமிடம் சொன்னேன். "என்னைக் கெஞ்சச் சொல்கிறீர்களா?" என்று சீறினார். பிறகு தானாகவே பேசினார். "அந்தப் பண்ணையில் நான் நோயாய்ப் படுக்கக்கூடாது. படுத்தால் வைத்தியர் வருவார், வந்தால் பெயர் கேட்பார். காய்ச்சலோடு மாட்டுக்கொட்டில் கூட்டினேன், செல்வி. சிரித்துக்கொண்டு கூட்டினேன்."

எனக்கு என் அண்ணை நினைவுக்கு வந்தார். சைக்கிளால் விழுந்து அவர் நொண்டிக்கொண்டிருந்த கிழமை ஊரை ஆமி வளைத்தது. நொண்டினால் காயப்பட்ட இயக்கப் பெடியன் என்று கொண்டுபோய்விடுவார்கள். "நேராய் நட ராசா, நேராய் நட" என்று அம்மா பின்னால் நின்று முணுமுணுத்தா. அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே நடந்தார், ஆமிக்காரனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். இதை மதாமுக்குச் சொல்ல முயன்றபோது, சுற்றிவளைப்புக்கு என்னிடம் பிரெஞ்சுச் சொல் இல்லை. "வீதியெல்லாம் அடைத்து, ஆண்களையெல்லாம் வரிசையில்..." என்று கையால் காட்டினேன். "ராஃப்ல்" என்று மதாம் சொல்லைத் தந்தார்.

நான் அந்த அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, இன்னொருதரம் வரும்படி மன்றாடினேன். அவள் சம்மதித்தாள். இந்தமுறை தடியைக் காட்டுவதாக மதாமும் வாக்குக் கொடுத்தார்.

அவள் வரும் அன்றைக்கென்று பார்த்து ஆர்.இ.ஆர். நடுவழியில் நின்றுவிட்டது. நான் கத்திக்கொண்டு படியேறினால், அந்தப் பிள்ளை மேலே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "வீட்டில் இல்லைப் போலிருக்கிறது, நெடுநேரமாய்த் தட்டுகிறேன்" என்றாள். "தட்டாதேங்கோ பிள்ளை" என்று தமிழில் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இறக்கினேன். திறந்து உள்ளே போனோம். கதிரையில் ஆளில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், நீலக் கோட்டும் உதட்டுச்சாயமுமாக, மதாம் குந்தியிருந்தார். சத்தம் வரக்கூடாதென்று சப்பாத்துகளைக் கழற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

அந்தப் பிள்ளை பையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். நானும் இருந்து மதாமின் கையைப் பிடித்தேன். ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"செல்வி, என் தடியை எடுத்துத் தாருங்கள்."

வாக்கை மறந்து அவரே மறுபடி ஒளித்துவைத்திருந்த தடியை இழுத்தெடுத்தேன். அரசாங்கத்து ஆளுக்கு முன்னால், தடியை ஊன்றி, நின்று நின்று, அவர் அந்த அறையைக் கடந்து கதிரைக்கு வந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். போகும்போது அந்தப் பிள்ளை, "அடுத்தமுறை நான் எப்படி வரவேண்டும்?" என்று கேட்டாள். "உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறுங்கள்" என்றார் மதாம். மணித்தியாலங்கள் குறையவில்லை, கூடின. முதியோர் இல்லத்துப் பேச்சும் நின்றது. மூன்றாம் மாடிக்காரருக்கு இப்போது இரண்டு பைத்தியங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, என் அடுப்படியில் களைத்துப்போய் இருந்தேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. கீழே படியில் காலடி கேட்டது.

"அம்மா, நான்தான். நான்தான் அம்மா."

நிலானி. அவளிடம் சாவி இருக்கிறது. மற்றதெல்லாம் பிரெஞ்சில் பேசுகிறவள், சின்ன வயதிலிருந்தே இதை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டுதான் ஏறுவாள். அவளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்த நினைவே இல்லை. எங்கள் கதவையும் வீட்டு ஆட்கள் யாரும் தட்டுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் குரல் படிப்படியாக ஏறி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பாரிசில் பிறந்த பிள்ளை, யாழ்ப்பாணத்துக் கதவொன்றைத் திறக்க வந்துகொண்டிருந்தாள்.