கிருமி வளர்த்த வீடு

சரவணைக் கிராமத்தில் எங்கள் தோட்டத்து மிளகாய் நாற்றுகள் போகத்துக்குப் போகம் ஒரே மாதிரித்தான் செத்தன. இரண்டு இலை விட்டதும் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிடும். பங்கசு, பூஞ்சண நோய் என்றார் விவசாயப் போதனாசிரியர். மருந்து அடித்து அலுத்துப்போயிருந்த என்னிடம் ஒரு பைக்கற் பொடியைத் தந்தார். அதற்குள் நல்ல பற்றீரியா இருக்கிறதாம். வேரைச் சுற்றிக் குடியேறி, பங்கசை அண்டவிடாதாம். பனங்கட்டி கரைத்த தண்ணீரில் கலந்து நிழலில் வைத்து, பெருகிய பிறகு பாத்திக்கு ஊற்றவேண்டும்.

அந்த நேரம் அண்ணை எங்களுடன் தங்கியிருந்தார். அண்ணி மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். அண்ணை சுகாதாரப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தீவுப்பகுதிக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டே தலை நரைத்தவர். கதிரையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் இருப்பார். குசினி மூலையில் நான் பொடியைக் கலந்து வைத்திருந்த வாளியைப் பற்றி விசாரித்தார். சொன்னேன்.

"கிருமியைக் கொல்லத்தான் எனக்கு இவ்வளவு காலமும் சம்பளம் தந்தவங்கள். நீ பனங்கட்டி குடுத்து வளர்க்கிறாய்" என்றார். பனங்கட்டி வாளிக்குப் போனதால், அவருடைய தேநீருக்கு அன்று சீனிதான் கிடைத்திருந்தது.

மறுநாள் நான் ஊர்காவற்றுறைக்குப் போய்த் திரும்பியபோது, வாளியில் இருந்த புளித்த மணம் போய் ஆஸ்பத்திரி மணம் அடித்தது. குளோரின் போட்டுவிட்டதாக அண்ணையே வந்து சொன்னார். இனிப் பயமில்லையாம். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவருடன் பேசவில்லை.

இரண்டாவது பைக்கற் கேட்கப் போனபோது காரணத்தையும் சொல்லவேண்டி வந்தது. போதனாசிரியர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "பொறுப்பை அவரிட்டையே குடும்" என்றார்.

கொடுத்தேன். பொறுப்பென்று வந்தால் அண்ணை வேறு மனிதர். குழாய்த்தண்ணீரில் குளோரின் இருக்கும், கிணற்றுத்தண்ணீர்தான் வேண்டும் என்று அவரே சட்டம் போட்டார். நாங்கள் வாளியைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்; எங்களிடமிருந்து அதுகளுக்கு ஏதும் தொற்றிவிடக்கூடாதாம். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்துத்தாங்கியுடன் வேலியடிக்கு வந்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவரை மருந்து அடிக்க விட்டார்.

வாளியில் பெருகியதை ஊற்றிய பிறகும், தண்ணீர் தேங்கும் மூலையில் இருந்த பாத்தி இந்தமுறையும் சாய்ந்தது. அண்ணை அதற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றப் பாத்திகள் எல்லாம் நின்றன. நாற்றுகளைப் பிடுங்கி நட்ட அன்று, அடித்தண்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு அவரும் எங்களுடன் வரம்பில் நடந்தார்.

அண்ணி திரும்பி வந்ததும் அண்ணை யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு கிழமை கழித்து அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மனிசன் கட்டிலுக்குக் கீழை ஒரு வாளியை வைச்சுக்கொண்டு என்னைக் கூட்டவும் விடுறாரில்லை. என்ன அது?"

கத்தரிக்கன்றுக்கு ஊற்றக் கிருமி வளர்க்கிறார் போலிருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வாளி கன்றுக்குப் போகும்வரைக்கும் தான் விறாந்தையில் படுப்பதாகச் சொன்னார்.